தொட்டி அக்கா பதில்கள்: களைத்த மண்தான் வேண்டும்

போன இதழில், மீன் தொட்டியின் அடியில் வெறும் கூழாங்கல்லுக்குப் பதிலாகத் தோட்டத்து மண்ணைப் பரப்பிச் செடி வளர்க்கலாம் என்று போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் பாதிப் பேர் மறுநாளே மண்வெட்டியைத் தூக்கிவிட்டீர்கள். அதனால் இந்த இதழ் முழுக்க மண் சமாச்சாரம்தான். நோய், முட்டை, குஞ்சு பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த முறை.

அக்கா, எங்கள் வீட்டில் மாடு இருக்கிறது, மண்புழு உரம் நாங்களே தயாரிக்கிறோம். என்னுடைய இரண்டடித் தொட்டிக்கு, கடையில் நீர்ச்செடிக்கென்றே விற்கும் ஆக்வா சாயில் மண் விலை கேட்டேன், கேட்டதும் திரும்பி வந்துவிட்டேன். அடியில் மண்புழு உரத்தையே இரண்டு அங்குலம் போட்டு மேலே மணல் போட்டால் என்ன?
கல்லூரி மாணவர், வேடசந்தூர்

தம்பி, போடாதீர்கள். நான் போட்டுப் பார்த்தவள்.

2008-இல் பெரம்பூரில் வாடகை வீட்டில் இருந்தோம். ரோஜாச் செடிக்கென்று கலந்து வைத்திருந்த மண் ஒரு மூட்டை, பக்கத்து நர்சரியில் வாங்கினேன். தொழு உரம், தென்னை நார்த் தூள், வெள்ளை வெள்ளையாக பெர்லைட் எல்லாம் அதில் இருந்தன. மூன்று அங்குலம் கொட்டி, மேலே மணல் தூவி, தண்ணீர் ஊற்றி, சாயங்காலமே பன்னிரண்டு கப்பி மீன்களை விட்டேன். ராத்திரி மணலைப் பிளந்துகொண்டு நார்த் தூள் மேலே வந்தது. காலையில் தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. பெர்லைட் மேலே பொரி மாதிரி மிதந்தது. அதற்கு நடுவே கப்பிகள் எல்லாம் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் ஒன்றுதான் மிச்சம். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. வாளியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான்.

வயலில் உரம் போட்டால் மழை கொஞ்சம் அடித்துக்கொண்டு போகும், காற்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மிச்சத்தை வேர் தேடிப் போகும். உங்கள் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் மொத்தமே ஏறக்குறைய 57 லிட்டர். அதில் எதற்கும் போக்கிடம் இல்லை. உரத்தில் இருக்கும் நைட்ரஜன் அம்மோனியாவாகத் தண்ணீருக்குள் இறங்கும். அம்மோனியா மீனின் செவுளைப் பொசுக்கும். நம் ஊர் வெயிலும் போர் தண்ணீரும் சேர்ந்தால் இன்னும் மோசம். 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7 இருக்கும் தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் கொல்லும் வடிவத்தில் இருக்கும். அதே தண்ணீர் பி.எச். 8 ஆனால் அது ஏழரை சதவீதம். குளிர் தேசத்துக்காரர் வீடியோவில் தைரியமாகச் செய்வதை நாம் இங்கே அப்படியே செய்ய முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் எந்த மண்? களைத்த மண். மாடியில் துளசியோ மணத்தக்காளியோ வளர்ந்து முடிந்து, ஆறேழு மாதமாக யாரும் உரமே போடாமல் மூலையில் கிடக்கும் பழைய தொட்டி மண் இருக்கிறதே, அதுதான் தங்கம். அது இல்லையென்றால் பூச்சிமருந்து படாத இடத்துச் செம்மண்ணின் மேல் மண். உங்களிடம் மண்புழு உரம் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது. சரி, பத்துப் பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் ஒரு கைப்பிடி கூட வேண்டாம்.

அந்த மண்ணை அப்படியே போடக் கூடாது. சல்லடையில் சலித்துக் குச்சி, வேர், கல் எல்லாம் எடுங்கள். வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள், மிதப்பதை அள்ளிக் கொட்டுங்கள். ஒரு நாள் ஊறட்டும். தெளிந்த தண்ணீரை வடித்துவிட்டு, பழைய ஃப்ளெக்ஸ் பேனரில் மெல்லிசாகப் பரப்பிக் காயவிடுங்கள். வடகம் காயப்போடுகிற மாதிரிதான், ஆனால் நிழலில். முக்கால்வாசி காய்ந்ததும் மறுபடி ஊற வையுங்கள். இப்படி மூன்று நான்கு தடவை. ஈரமும் காற்றும் மாறி மாறிக் கிடைக்கும்போது மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றிவிடும், அடுத்த ஊறலில் அதில் பெரும்பகுதி கரைந்து போய்விடும். எப்போது போதும் என்று மூக்கு சொல்லும். முதலில் தொழுவத்து வாசனை வரும். கடைசியில் கோடை மழை முதல் தூறலில் வரும் வாசனை மட்டும் மிஞ்சும். அந்த வாளித் தண்ணீரைக் கீழே கொட்டாதீர்கள், வாழைக்கு ஊற்றுங்கள்.

இரண்டடித் தொட்டியில் ஓர் அங்குல உயரத்துக்கு ஏறக்குறைய நாலே முக்கால் லிட்டர் மண் பிடிக்கும். ஓர் அங்குலம் போதும். அதற்கு மேல் ஒன்றரை அங்குலம் மணல், எடை கிட்டத்தட்ட பத்துக் கிலோ. கண்ணாடி ஓரத்தில் மண் தெரியாமல் மணலை முதலில் ஓரம் கட்டிவிட்டுப் பிறகு நடுவில் பரப்பினால் பார்க்க நன்றாக இருக்கும். சாப்பாட்டுத் தட்டு ஒன்றை மணல் மேல் வைத்து, அதன் மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் நாளே செடியை நெருக்கமாக நட வேண்டும், இதில் கஞ்சத்தனம் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் புனலைக் கவிழ்த்து வைத்துக் குமிழி எண்ணினோமே, அந்த ஹைட்ரில்லா, நாடா மாதிரி இலை நீளும் வாலிஸ்னேரியா, மேலே மிதக்க நாலு ஆகாயத்தாமரை. இவையெல்லாம் அம்மோனியாவை நேராகவே சாப்பிடும். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாதித் தண்ணீர் மாற்றுங்கள். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, அது நைட்ரேட்டாக மாறும் வழியில் வரும் நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் மீன். நாலு வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம்.

ஆக்வா சாயிலும் மண்ணைச் சின்ன உருண்டையாக்கிச் சூடுகாட்டிக் கெட்டிப்படுத்தியதுதான். பல வகைகள் முதல் சில வாரம் அம்மோனியா விடவும் செய்யும். விலை கொடுத்தாலும் காத்திருப்பு தப்பாது. அமெரிக்காவில் டயானா வால்ஸ்டட் என்ற அம்மையார் 1999-இல் எழுதிய புத்தகம்தான் சாதாரணத் தோட்டத்து மண்ணை உலகம் முழுக்க மீன் தொட்டிக்குள் கொண்டுபோனது. இன்றும் இதை வால்ஸ்டட் முறை என்றே சொல்கிறார்கள். அவர் கணக்கும் ஏறக்குறைய ஓர் அங்குலம் மண், ஓர் அங்குலம் மேல்மூடிதான்.

எங்கள் ஊர் கரிசல் மண்ணில் பருத்தி அமோகமாக வருகிறது. நீர்ச்செடி மட்டும் வராதா?
வாசகி, கோவில்பட்டி

வரும். ஆனால் வந்ததை நீங்கள் பார்க்க முடியாது. கரிசலில் களித்துகள் அவ்வளவு நைசு. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாகப் பிளக்கும், தண்ணீரில் கலங்கினால் நாள் கணக்கில் தெளியாது. அருப்புக்கோட்டையிலிருந்து என் நாத்தனார் ஒரு பை கொண்டுவந்து கொடுத்தார். ஒரு செடியைப் பிடுங்கி இடம் மாற்றினேன், தொட்டி மூன்று நாள் கருப்பட்டிக் காபி போலக் கிடந்தது. போதாததற்குக் கரிசலில் சுக்கான் கல் இருக்கும். அது சுண்ணாம்பு. தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

ஆனால் ஒதுக்கிவிடவும் மனசு வராது, ஏனென்றால் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதில் கரிசலுக்கு ஈடு இல்லை. செம்மண்ணில் இரும்பு உண்டு. காற்றுப் புகாத அடி மண்ணில் அந்த இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறி வேருக்குக் கிடைக்கும். இரண்டையும் சேர்த்தால் நல்லது. நாலு பங்கு செம்மண், ஒரு பங்கு கரிசல், சுக்கானைச் சலித்து எடுத்துவிட்டு.

எந்த மண்ணாக இருந்தாலும் முதலில் ஒரு கண்ணாடி பாட்டிலில் கால் பாகம் போட்டுத் தண்ணீர் நிரப்பிக் குலுக்கி ராத்திரி வைத்துவிடுங்கள். காலையில் அடியில் மணல், அதன் மேல் வண்டல், அதற்கும் மேல் களி என்று அடுக்கடுக்காகத் தெரியும். மேலே நிற்கும் தண்ணீர் ஓரளவு தெளிந்திருந்தால் அந்த மண் ஆகும். இன்னும் சேறாகவே இருந்தால் களி அதிகம்.

ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் இரண்டும் எங்கள் தோட்டத்தில் அற்புதமாக வேலை செய்கின்றன. வாரம் ஒரு மூடி தொட்டியில் விடலாமா?
இயற்கை விவசாயி, கொடுமுடி

ஐயா, உங்கள் தோட்டத்தில் அது வேலை செய்வதை நான் நம்புகிறேன். எங்கள் மாடிக் கத்தரிக்கும் நானே தெளிக்கிறேன். ஜீவாமிர்தத்தில் என்ன இருக்கிறது? சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு. நுண்ணுயிர்க்கு விருந்து வைத்துப் பெருக்குவதுதான் அதன் வேலையே. திறந்த மண்ணில் அவற்றுக்கு மூச்சுவிடக் காற்று உண்டு. இரண்டடித் தொட்டியின் 57 லிட்டர் தண்ணீரில் வெல்லத்தைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் முதலில் காலி செய்வது மீனின் ஆக்சிஜனை. கோமியத்தின் யூரியா அம்மோனியாவாகும். பஞ்சகவ்யத்தில் பாலும் தயிரும் நெய்யும் வேறு. நெய் மேலே படலம் கட்டிவிடும். ஒரு மூடி அல்ல, ஒரு சொட்டும் வேண்டாம்.

மீன் வளர்க்கும் குளத்தில் சாணம் போடுகிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். போடுகிறார்கள், கெண்டைக் குஞ்சு தின்னும் மிதவை உயிர்கள் பெருகட்டும் என்று. குளம் சோறு வடிக்கிற அண்டா, நம் தொட்டி டம்ளர்.

புண்ணாக்கு பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். கடலைப் புண்ணாக்கு அழுகும். வேப்பம் புண்ணாக்கு இறாலுக்கு ஆகாது. இலுப்பைப் புண்ணாக்கை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். குளத்தில் குஞ்சு விடும் முன்னால் வேண்டாத மீனையெல்லாம் கொல்வதற்கு மீன் பண்ணையார் போடுவதே அதைத்தான்.

அப்படியானால் தொட்டிக்கு உரம் எது? மீனுக்குப் போடும் தீவனம். அது தின்று கழிப்பதும், தின்னாமல் விட்டதும் மணலுக்குள் இறங்கி மண்ணோடு சேரும். அதற்கு மேல் என் தொட்டிகளுக்கு நான் எதுவும் போடுவதில்லை.

மண் போட்டு ஒரு மாதம் ஆகிறது. அடியிலிருந்து குமிழி வருகிறது. ஒரு மூலையில் கண்ணாடி ஓரம் கறுப்பாக இருக்கிறது. பிரித்துக் கொட்டிவிடவா?
வாசகர், மன்னார்குடி

நடவு வயலில் கால் வைத்தவர்தானே நீங்கள்? சேற்றில் மிதித்தால் குமிழி வருமே, அதே கதைதான் இது. மண்ணில் இருக்கும் மக்கு சிதையும்போது வாயு வரத்தான் செய்யும். அதில் கரியமில வாயு செடிக்கு இலவசச் சாப்பாடு. மண் தொட்டியில் சிலிண்டர் வைக்காமலே செடி வளர்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

வாசனையைப் பாருங்கள். குமிழி உடையும்போது வாசனை இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அழுகின முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதற்கும் தொட்டியைப் பிரிக்க வேண்டியதில்லை. மெல்லிய மூங்கில் குச்சியால் நாலு விரல் இடைவெளியில் மெதுவாகக் குத்தி எடுங்கள், ஒரே நாளில் முழுத் தொட்டியையும் குத்தாதீர்கள். இன்று இடது பக்கம் என்றால் நாலு நாள் கழித்து வலது பக்கம். குத்திய அன்று தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு மாற்றிவிடுங்கள், ஏர் பம்ப் ஓடட்டும். பிறகு அந்தக் கறுப்பு மூலையில் வேர் ஆழமாகப் போகும் வாலிஸ்னேரியாவை நடுங்கள். வேர் அடியில் ஆக்சிஜனைக் கசியவிடும். திருகாணி மாதிரி நீளமான ஓடுள்ள சின்ன நத்தைகள் வாய்க்காலில் கிடைக்கும், பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து கிளறிக்கொண்டிருக்கும். அவை பத்து இருந்தால் குச்சிக்கே வேலை இல்லை. பத்து சீக்கிரம் நூறாகும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

எத்தனை அங்குலம் மண் போட்டீர்கள் என்று எழுதவில்லை. மூன்றாக இருக்கும் என்று என் ஊகம்.

மேலே மூட எந்த மணல் நல்லது? எங்களுக்குக் கடற்கரை பக்கம்தான்.
வாசகி, நாகப்பட்டினம்

கடற்கரை மணல் வேண்டாம். உப்பைக் கழுவிவிடலாம், கிளிஞ்சல் பொடியைக் கழுவ முடியாது. சந்தேகமாக இருந்தால் ஒரு ஸ்பூன் மணலில் வினிகர் ஊற்றுங்கள். சோடா மாதிரி நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. வீடு கட்டியவர்களிடம் மிச்சம் கிடக்கும் ஆற்று மணல் இருந்தால் ஒரு வாளி கேட்டு வாங்குங்கள். எம்-சாண்ட் நுரைக்காது, ஆனால் அதன் தூசு போக இருபது தடவையாவது அலச வேண்டும், முனையும் கூர்மை. அடியில் மேயும் மீன் வைப்பவர்கள் தவிர்த்துவிடுங்கள்.

வாடகை வீடு. தொட்டியும் சின்னது. மண்ணைக் கொட்டிவிட்டுப் பிறகு பிடிக்கவில்லையென்றால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. சின்ன அளவில் செய்து பார்க்க வழி உண்டா மேடம்?
வாசகி, தாம்பரம்

உண்டு. நான் இரண்டாம் தடவை தைரியம் வந்து தொடங்கியதே அப்படித்தான். குயவர் கடையில் மூன்று அங்குல வாய் உள்ள சின்ன மண் சட்டி இரண்டு வாங்குங்கள். பெயின்ட், வார்னிஷ் எதுவும் இல்லாத வெறும் சுட்ட மண். ஒரு நாள் தண்ணீரில் ஊறட்டும். பாதிச் சட்டி வரை, ஊறவைத்துக் காயவைத்த மண்ணைப் போட்டு விரலால் அமுக்குங்கள். இட்லி மாவு பதத்துக்கு ஈரம் இருந்தால் மண் பறக்காது. நடுவில் குழி செய்து செடியின் வேரை இறக்கி, வேர் நீளமாக இருந்தால் இரண்டு விரல்கடை விட்டு வெட்டிவிட்டு, மேலே விளிம்பு வரைக்கும் மணல். மணல் மேல் நாலு கூழாங்கல். சட்டியைச் சாய்த்துச் சாய்த்து, காற்றுக் குமிழி போகப் போக, மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்குங்கள். குடத்தைக் கிணற்றில் அமிழ்த்துவோமே, அந்த மாதிரி.

சட்டிக்கு ஏற்ற செடி கிரிப்டோகோரைன் வென்டி. சொந்த ஊர் இலங்கை, நம் வெப்பத்துக்கு முகம் சுளிக்காது, வெளிச்சமும் கொஞ்சம் போதும். நட்ட ஒரு வாரத்தில் இலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிக் கரைந்து போகலாம். பதறிப்போய்ப் பிடுங்கி எறியாதீர்கள். வேர் உயிரோடுதான் இருக்கும், மூன்று நாலு வாரத்தில் புது இலை விடும். எதிர்வீட்டு அம்மா அப்படி எறிந்த ஒன்றைத்தான் நான் பொறுக்கிக்கொண்டு வந்தேன், இன்று அது ஆறு சட்டி. பிடிக்கவில்லையா, சட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிடலாம். வீட்டு ஓனருக்கும் தெரியாது.

வயல் வரப்பிலும் கோயில் குளத்திலும் கிடைக்கும் செடிகளைப் போடலாமா?
வாசகர், கும்பகோணம்

வரப்பில் படரும் நீர்ப்பிரமியைக் கடையில் பகோபா என்று ரப்பர் பேண்ட் போட்டு விற்கிறார்கள். உங்களுக்கு அது சும்மா கிடைக்கிறது, கொடுத்து வைத்தவர். கொட்டிக் கிழங்கும் மண் தொட்டியில் அழகாக வரும், இலை மேலே போய்ப் படுத்துக்கொள்ளும். குளத்தில் எடுப்பதானால் கோயில்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து அடித்த வயல் பக்கம் மட்டும் போகாதீர்கள். செடியோடு தட்டானின் இளம்பருவப் பூச்சி வந்துவிடும், அது கப்பிக் குஞ்சை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்னும். தனி வாளியில் பத்து நாள் வைத்து, தினமும் இலையின் அடிப்பக்கம் பார்த்துக் கழுவிவிட்டுப் போடுங்கள்.

கோல்டு ஃபிஷ் இருக்கும் தொட்டியில் மண் போடலாமா?
வாசகி, சேலம்

அது தோண்டும். காலையில் எழுந்தால் தொட்டியில் ராகிக் கூழ் இருக்கும்.

ஒரு தடவை போட்ட மண் எத்தனை வருடம் வரும்?
வாசகர், புதுச்சேரி

என் மூன்றடித் தொட்டி ஆறு வருடம் ஓடியது. நாலாவது வருடத்துக்குப் பிறகு வாலிஸ்னேரியா கொஞ்சம் மெலிந்தது. செம்மண்ணைப் பிசைந்து நெல்லிக்காய் அளவுக்கு உருட்டிக் காயவைத்து வேர்ப் பக்கம் ஏழெட்டு அழுத்தினேன், தேறிவிட்டது. வீடு மாறும்போதுதான் பிரித்தோம். மணலுக்கு அடியில் மண் கன்னங்கரேல் என்று, வெண்ணெய் மாதிரி வழுவழுப்பாக, வேர்ப் பின்னலோடு பாய் போலக் கழன்று வந்தது. நாற்றம் இல்லை. நான் எதற்கும் ஆகாத மண் என்று துளசித் தொட்டியிலிருந்து எடுத்துப் போட்டது அது. அதைச் சாக்கில் கட்டிப் புது வீட்டு மாடிக்குக் கொண்டுபோய்க் கறிவேப்பிலைக்கு வைத்தேன். இப்போது ரசத்துக்குக் கறிவேப்பிலை கேட்டு மாடிப்படி ஏறி வருகிறார்கள், கீழ் வீட்டுக்காரர்கள்.